விளம்பர அட்டை முதலாகுமா? தரமிட்ட அட்டைகளின் மதிப்பைப் பற்றிய கொள்கைகள்: ஓர் ஆய்வு

ஒரு சரக்கை விற்பதற்குத் துணையாக இனாமாகக் கொடுக்கப்பட்ட காகித அட்டை, அந்தச் சரக்கு நுகர்ந்து தீர்ந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னர், அதை வைத்திருப்பவருக்கு ஒரு முதலாக நிற்குமா என்னும் வினா, பார்வைக்கு அற்பமாகத் தோன்றினாலும், மதிப்பு என்பது பொருளில் இருக்கிறதா, அதைக் குறித்த மனிதரின் அபிப்பிராயத்தில் இருக்கிறதா என்ற பழைய விசாரணையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கிறது. சிகரெட் பெட்டிக்குள் வந்த படங்களைப் பற்றி எழுந்த இவ்வினா, பின்னர் பபுள்கம் உறையில் வந்த கிரிக்கெட் வீரர்களைப் பற்றி எழுந்து, இன்று போட்டிப் பரிசாகவும் கண்காட்சி நினைவாகவும் வழங்கப்படும் போக்கிமான் அட்டைகளை ஒன்று முதல் பத்து வரை தரமிட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டு, பல லட்சம் டாலருக்கு ஏலம் விடும் நிலை வரை வளர்ந்திருக்கிறது.

இதைத் திண்டுக்கல் சமவெளியிலிருந்து ஆராய்வதற்குத் தனியான நியாயம் உண்டு. இவ்வட்டைகளின் பிறப்பிடம் புகையிலை வியாபாரம். திண்டுக்கல்லோ, ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலையாலும், வேடசந்தூரைச் சூழ்ந்த புகையிலைக் காடுகளாலும் பெயர் பெற்ற ஊர். இலையைத் தரம் பிரித்து விலை பேசும் கலை இங்கே தலைமுறை தலைமுறையாக அறியப்பட்டது. அதோடு, பூட்டுப் பட்டறையிலும் நூற்பாலையிலும் பூச்சந்தையிலும் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைப் பாதுகாப்பாக எதில் வைப்பது என்ற கவலை இவ்வூர்க் குடும்பங்களுக்கு எந்நாளும் உரியது. ஆகவே, இந்த அட்டைகளைப் பற்றி உலகில் வழங்கும் முக்கியமான கொள்கைகளைத் தொகுத்து, அவற்றின் தோற்றத்தையும் குறைகளையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினாவின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகள், மெல்லிய காகிதப் பெட்டி நசுங்காமல் இருப்பதற்காக அதனுள் ஓர் அட்டையைச் செருகின. அவ்வெற்று அட்டையில் நடிகையரையும் விளையாட்டு வீரரையும் அச்சிட்டால், தொடர் முழுவதையும் சேர்க்கும் ஆவலால் வாங்குபவர் மீண்டும் அதே பெட்டியை நாடுவர் என்ற வியாபார யுக்தி விரைவில் புலப்பட்டது. ஆலன் அண்டு கிண்டர் முதலிய கம்பெனிகள் தொடங்கிய இவ்வழக்கம் இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனியால் பரவி, இரண்டாம் உலகப் போரின் காகிதப் பஞ்சத்தால் 1940-இல் அங்கே நின்றது. இந்தியாவில் 1910-இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி அமைந்த காலத்தை ஒட்டி, இந்நாட்டுச் சந்தைக்கென விற்ற வில்ஸின் சிஸர்ஸ் சிகரெட்டோடு, இந்தியப் படைப்பிரிவுகளின் சீருடைகளைக் காட்டும் வர்ண அட்டைகளும் வந்தன.

சுதந்திரத்துக்குப் பின் புகையிலையின் இடத்தை மிட்டாயும் தின்பண்டமும் பிடித்துக்கொண்டன. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் பிக் ஃபன் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களையும், பின்னர் சிப்ஸ் பொட்டலங்களில் வந்த டாஸோ வட்டுகளையும் சேர்க்காத பள்ளிப் பிள்ளைகள் தமிழகத்தின் நகரங்களில் அரியர். புகையிலைப் பொருள்களின் விளம்பரத்தையும் ஊக்குவிப்பையும் 2003-ஆம் ஆண்டின் சட்டம் தடுத்துவிட்டதால், இந்த அட்டைகளுக்கும் அவற்றின் மூலப் பொருளுக்கும் இருந்த உறவு இந்நாட்டில் இன்று அறுந்துவிட்டது. அட்டையோ தன் சொந்த வாழ்வைத் தொடர்கிறது.

முதற் கொள்கை: அருமையே மதிப்பு

மிகப் பழைய கொள்கை, எண்ணிக்கையில் அருகியது விலையில் உயரும் என்பது. இதற்கு எப்போதும் காட்டப்படும் சான்று, 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட, டி206 எனப்படும் தொடரில் உள்ள பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை. தம் படம் சிகரெட்டோடு சிறுவர் கைக்குப் போவதை அவர் விரும்பவில்லை என்று சிலரும், தமக்குரிய பணம் கிடைக்காததால் மறுத்தார் என்று சிலரும் கூறுவர். காரணம் எதுவாயினும் அச்சிடுவது நின்றுபோக, இன்று அறியப்பட்ட பிரதிகள் அறுபது அளவிலேயே உள்ளன. பத்துக்கு இரண்டு என்ற தாழ்ந்த தரம் பெற்ற ஒரு பிரதி 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது, அருமையின் முன் தரமும் பின்வாங்கும் என்பதற்குப் பலமான ஆதாரம்.

விளம்பர அட்டைகளில் இக்கொள்கைக்கு இக்காலத்து எடுத்துக்காட்டு, 1997–98-இல் ஜப்பானின் கொரோகொரோ காமிக் பத்திரிகை நடத்திய சித்திரப் போட்டிகளில் வென்றவர்களுக்கு வழங்கப்பட்ட, பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர் என்னும் போக்கிமான் அட்டை. போட்டிகளில் அளிக்கப்பட்டவை 39. கடைக்கு வராமல், வென்றவர் கைக்கே நேராகச் சென்றதால், அதன் எண்ணிக்கைக்கு இயல்பான வரம்பு ஒன்று அமைந்தது. பத்துக்குப் பத்து தரம் பெற்ற பிரதி ஒன்று 2021-இல் 52.75 லட்சம் டாலர் மதிப்பில் கைமாறியது.

ஆனால் இக்கொள்கையின் குறைகளும் வெளிப்படையானவை. அருமை வேறு, அரிதாக இருப்பதை ஒருவர் நாடுதல் வேறு; நாடுவோர் இல்லாத அரும்பொருள் விலையற்றே கிடக்கும். மேலும், 1980-களின் இறுதியில் அமெரிக்கர்கள் பேஸ்பால் அட்டைகளைச் சேமிப்பாகக் கருதி மூட்டை மூட்டையாக வாங்கிப் பத்திரப்படுத்தியபோது, கம்பெனிகளும் அளவின்றி அச்சிட்டன; எல்லாரும் பத்திரப்படுத்தியதால் எதுவுமே அரிதாகவில்லை. பழைய அட்டைகள் அரிதானதற்குக் காரணம் அவற்றை ஒருவரும் மதியாமல் எறிந்ததே என்பதை எண்ணிப் பார்த்தால், முதலீடு என்ற நோக்கமே முதலீட்டின் ஆதாரத்தை அழிக்கக்கூடும் என்பது விளங்கும். இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு: 2023-இல் ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகத்தில் இனாமாக வழங்கப்பட்டு, நெரிசலின் காரணமாகச் சில வாரங்களிலேயே அங்கே நிறுத்தப்பட்ட பிக்காச்சு அட்டை, பல்லாயிரக்கணக்கில் தரநிர்ணயத்துக்குச் சென்ற பின்னும் விலை போய்க்கொண்டிருந்தது. எனவே அருமை என்பது ஒரு காரணமேயன்றி முழுக் காரணம் ஆகாது.

இரண்டாம் கொள்கை: சான்றே மதிப்பு

இரண்டாவது சாரார், அட்டைக்குச் சந்தை அளிப்பது நடுநிலையான தரச்சான்றே என்பர். இதன் வேர் நாணய சேகரிப்பில் உள்ளது. வில்லியம் ஷெல்டன் 1949-இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்கு ஒன்று முதல் எழுபது வரை ஓர் அளவுகோலை வகுத்தார், 1986-இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனம் அவ்வளவுகோலைக் கொண்டு நாணயங்களைத் தரமிட்டு உறையிலிட்டது. அதன் வழிவந்த பி.எஸ்.ஏ. 1991-இல் அட்டைகளுக்கும் அம்முறையை விரித்தது. அட்டையின் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் அளவு ஆகியவற்றைச் சோதித்து எண் இடுவது அதன் வழி.

இம்முறையின் பயனைப் பொருளாதார சாஸ்திரம் நன்கு விளக்குகிறது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், நல்ல சரக்கும் கெட்ட சரக்கின் விலைக்கே போய், நாளடைவில் நல்ல சரக்கு சந்தையை விட்டே விலகிவிடும் என்று ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்களை உதாரணமாகக் கொண்டு நிறுவினார். கலிபோர்னியாவில் இருப்பவரிடமிருந்து திண்டுக்கல்லில் இருப்பவர் நேரில் பாராமலே ஓர் அட்டையை வாங்க முடிகிறது என்றால், அது மூன்றாமவரின் சான்றினாலேயே.

ஆயினும் சான்றின் உறுதி எத்தகையது என்பதை ஆராய வேண்டும். பி.எஸ்.ஏ. தன் தொடக்கக் காலத்தில் எட்டு என்ற உயர்தரம் அளித்த புகழ்பெற்ற வாக்னர் அட்டை, அதற்கு முன்பே ஓரங்கள் வெட்டித் திருத்தப்பட்டது என்பதை, அதைக் கையாண்ட ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-இல் சிகாகோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அத்தொழிலின் முகவரியாக விளங்கிய அட்டையே இவ்வாறெனில், மற்றவற்றைப் பற்றி எச்சரிக்கை வேண்டுவது இயல்பு. ஒரே அட்டை உறையிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பப்பட்டால் வேறு எண் பெறுவதும் உண்டு. அன்றியும், இன்று உயர்தரம் பெற்றவை சிலவே என்று நம்பி வாங்கியவருக்கு, நாளை மேலும் பல பிரதிகள் அதே தரம் பெறமாட்டா என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை.

இவ்விடத்தில் திண்டுக்கல்லின் அநுபவம் ஒரு தெளிவைத் தருகிறது. புகையிலையின் நிறம், கனம், மணம், காரம் ஆகியவற்றைக் கையாலும் மூக்காலும் அறிந்து தரம் பிரிப்பவரின் தீர்ப்பும் அபிப்பிராயமே. ஆனால் அந்த இலை பின்னர் சுருட்டாகவோ மெல்லும் புகையிலையாகவோ நுகரப்படும்போது அத்தீர்ப்பு சோதிக்கப்படுகிறது. தவறு நேர்ந்தால் அடுத்த பருவத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பிருக்காது. 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட தங்க நகை ஹால்மார்க் முத்திரையோ, எந்த ஆய்வுக்கூடத்திலும் மீண்டும் அளந்து பார்க்கத்தக்கது. அட்டையின் தரமோ, நுகர்வினாலும் சோதிக்கப்படுவதில்லை, அளவையினாலும் முற்றிலும் நிறுவப்படுவதில்லை. சோதிக்க உறையை உடைத்தால் சான்றே மறைந்துவிடுகிறது. ஆகவே தரமிட்ட அட்டையை வாங்குபவர் இரண்டு பொருள்களை வாங்குகிறார்: ஒன்று காகிதம், மற்றது அக்காகிதத்தைப் பற்றிய ஒரு நிறுவனத்தின் அபிப்பிராயம். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத வேற்றுமைக்குப் பன்மடங்கு விலை கொடுக்கும்போது, அவ்வேற்றுமைத் தொகை முழுவதும் அபிப்பிராயத்துக்கே செல்கிறது.

மூன்றாம் கொள்கை: யாவும் ஊக வணிகம்

மூன்றாவது சாரார் இத்தகைய மதிப்பு முழுவதையும் ஊகம் என்று ஒதுக்குவர். பங்குச் சந்தையை ஓர் அழகுப் போட்டிக்கு ஒப்பிட்டு, தமக்கு எது அழகு என்பதை விட்டு, பிறர் எதை அழகென்று கருதுவர் என்பதையே ஒவ்வொருவரும் கணிக்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1936-இல் எழுதியது அட்டைச் சந்தைக்கு இன்னும் பொருத்தமாக அமைகிறது. பங்குக்கு ஈவுத்தொகையேனும் உண்டு, அட்டைக்கு அதுவும் இல்லை. கொரோனா முடக்கத்தின்போது விலைகள் திடீரென ஏறியதும், குவிந்த அட்டைகளைச் சமாளிக்க மாட்டாமல் பி.எஸ்.ஏ. 2021 மார்ச்சில் தன் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்ததும், அதன்பின் பல அட்டைகளின் விலை சரிந்ததும் இச்சாராருக்கு வலுவூட்டின.

சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால வருவாயை அளந்த ஆய்வுகள் ஒரே திசையில் செல்லவில்லை. வில்லியம் பௌமால் 1986-இல், மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட ஓவிய விற்பனைகளை ஆராய்ந்து, பணவீக்கம் நீக்கிய வருவாய் ஆண்டுக்கு 0.55 சதவீதமே என்று கண்டார். எல்ராய் டிம்சனும் கிறிஸ்தோஃப் ஸ்பேன்யர்ஸும் 2011-இல் வெளியிட்ட ஆய்விலோ, 1900 முதல் 2008 வரை பிரிட்டிஷ் தபால் தலைகளின் வருவாய் ஆண்டுக்கு 7 சதவீதம், பணவீக்கம் நீக்கினால் 2.9 சதவீதம் என்று தெரிகிறது; அது கடன் பத்திரங்களைவிட மேல், பங்குகளைவிடக் கீழ். வாங்குதல் விற்றல் செலவைக் கழித்தால் இது மேலும் குறையும். அன்றியும், விலைப் பட்டியலில் இடம்பெற்று நிலைத்த பொருள்களே கணக்கில் வருகின்றன. மறக்கப்பட்டவை கணக்கிலேயே வருவதில்லை. நூறாண்டுச் சரித்திரம் உள்ள தபால் தலைக்கே இவ்வளவுதான் எனில், தரமிட்ட அட்டைக்கு முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட சரித்திரமே உண்டு என்பதை மறக்கலாகாது.

எனினும் இக்கொள்கையும் மிகைப்படக் கூறுகிறது. வருவாய் ஈட்டாத எதுவும் முதலன்று என்றால் தங்கமும் முதலன்று என்றாகும். அதை நம் சமூகம் ஒருபோதும் ஏற்றதில்லை. மேலும், சந்தையில் நுழைவோர் அனைவரும் ஒரே தன்மையினர் அல்லர். பொருளாதார அறிஞர் ஜான் லிஸ்ட் விளையாட்டு அட்டைக் கண்காட்சிகளில் நடத்தி 2003-இல் வெளியிட்ட பரிசோதனைகள், தம்மிடம் உள்ளதையே உயர்வாக மதிக்கும் மயக்கம் புதியவர்களிடம் மிகுந்தும், அநுபவம் வாய்ந்த வியாபாரிகளிடம் குறைந்தும் காணப்பட்டதைக் காட்டின. இதனால், சந்தை முழுவதும் மூடத்தனம் என்பதைவிட, அநுபவம் இல்லாதவரின் நஷ்டம் அநுபவம் உள்ளவரின் லாபமாகும் இடம் அது என்பதே பொருத்தமாகும். அவ்வாறாயின், புதிதாக நுழையும் எளியவருக்கு அது ஆறுதல் ஆகாது.

நான்காம் கொள்கை: சேகரமே சரித்திரம்

நான்காவது நோக்கு, விலையைப் பற்றிய வினாவையே இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறது. டி206 என்ற பெயரை வழங்கியவர் ஜெஃபர்சன் பர்டிக் என்ற அமெரிக்கர். சொற்ப வருவாயும் நோயுற்ற உடலும் உடைய அவர், அட்டைகளையும் விளம்பரத் தாள்களையும் வகைப்படுத்தி அட்டவணை செய்து, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவற்றை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு அளித்து 1963-இல் மறைந்தார். அவர் அட்டைகளை ஆல்பங்களில் ஒட்டிவைத்தார். இன்றைய அளவுகோலின்படி, பசை பட்ட அட்டையின் தரம் தாழ்ந்துவிடும். ஆனால் அவ்வட்டவணை இன்றேல் இச்சந்தைக்கு அடிப்படையே இல்லை.

தமிழுலகில் இதற்கு ஒப்பான உயர்ந்த உதாரணம் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். நூல்களோடு, பிறர் எறிந்த துண்டுப் பிரசுரங்களையும் அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் அவர் ஆயுள் முழுவதும் சேர்த்தார்; அவர் காலத்துக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தை வாங்க, அது 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. அச்சேகரத்தின் பயனை எந்தத் தர எண்ணும் அளக்க முடியாது.

இந்நோக்கின் குறை, அது நம் வினாவுக்கு விடை கூறாமலே விலகிவிடுவதுதான். சரித்திரப் பெருமை, மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தாது. ஆனால் அது ஒரு முக்கியமான உண்மையை நினைவூட்டுகிறது. சுருட்டுப் பெட்டி லேபிள்கள், புகையிலைப் பொட்டலத் தாள்கள், சிவகாசி, சாத்தூர் தீப்பெட்டிப் படங்கள், துணிச் சிப்பங்களில் ஒட்டப்பட்ட வர்ணச் சீட்டுகள் ஆகியவையும் விளம்பர அட்டைகளின் இனத்தைச் சேர்ந்தவையே. வெளிநாட்டு அட்டைக்குக் கொடுக்கும் ஆவலில் ஒரு பங்கை இவற்றைத் தேடுவதிலும் அட்டவணையிடுவதிலும் செலுத்தினால், லாபம் வாராவிடினும் நம் தொழில்களின் சரித்திரம் மிஞ்சும்.

திண்டுக்கல்லிலிருந்து பார்க்கும்போது

பொதுக் கொள்கைகளைக் கடந்து, இச்சமவெளியில் வாழ்பவர் எண்ண வேண்டிய நடைமுறைத் தடைகள் சில உண்டு. முதலாவது, பெயர் பெற்ற தரநிர்ணய நிறுவனங்களின் தலைமையிடங்கள் கடல் கடந்து உள்ளன. கட்டணம், போக்குவரத்து, காப்பீடு, திரும்ப வரும்போது சுங்கம் ஆகியவை சிறு மதிப்புள்ள அட்டையின் லாபத்தை விற்பனைக்கு முன்பே விழுங்கிவிடக்கூடும். இரண்டாவது, நூறாண்டு நிறைந்த சரித்திர முக்கியத்துவமுள்ள பொருள்களை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது; 1910-களின் சிகரெட் அட்டை அதற்குள் அடங்குமா என்பது விவாதத்துக்கு உரியது. மூன்றாவது, சொந்த உபயோகப் பொருள்களின் விற்பனைக்கு மூலதன லாப வரி இல்லை என்று கூறும் வருமான வரிச் சட்டம், நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் தொகுதி, கலைப்படைப்பு ஆகியவற்றை அச்சலுகையிலிருந்து விலக்குகிறது. அட்டை எப்பக்கம் சேரும் என்பது தெளிவாக இல்லை.

நான்காவது, தட்பவெப்பம். கோடையின் வெப்பமும் ஐப்பசி மழையின் ஈரமும் மாறி மாறித் தாக்க, பளபளப்புத் தகடு ஒட்டிய அட்டைகள் வளைகின்றன. கரையானும் வெள்ளிப்பூச்சியும் காகிதத்தை விடுவதில்லை. ஐந்தாவதும் முக்கியமானதும் ஒன்று உண்டு: தங்கத்தை எந்த அடகுக் கடையிலும் வங்கியிலும் அன்று மாலையே பணமாக்கலாம், ஏலச்சீட்டை அவசரத்துக்குத் தள்ளி எடுக்கலாம், அட்டையை அடகு பிடிப்பார் இல்லை. மருத்துவமனைச் செலவு வந்து நிற்கும்போது, பல வாரங்கள் காத்திருந்து அயல்நாட்டு ஏலத்தில் விற்கவேண்டிய பொருள் சேமிப்பின் பணியைச் செய்யாது. மேற்குத் தமிழகத்தில் ஈமு பண்ணைத் திட்டங்கள் 2012-இல் சரிந்தபோது எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்ததை அறிந்தவர்கள், புதிய பொருளின் விலையேற்றத்தை மட்டும் நம்புவதன் அபாயத்தை உணர்வர். அட்டைச் சந்தை மோசடி என்பது இதன் கருத்தன்று. வாங்குபவரும் விலை கூறுபவரும் தொலைவில் இருக்க, பொருள் மட்டும் கையில் இருக்கும் நிலை இரண்டுக்கும் பொது என்பதே கருத்து.

முடிவுரை

நான்கு கொள்கைகளையும் ஒருங்கே நோக்கும்போது, ஒவ்வொன்றும் ஒரு பகுதி உண்மையைப் பற்றியிருப்பது தெரிகிறது. அருமை மதிப்பைத் தொடங்கி வைக்கிறது. சான்று அதைச் சந்தைக்குக் கொண்டுவருகிறது. ஊகம் அதை மிகையாக்குகிறது. சரித்திர ஆர்வம் விலை வீழ்ந்த பின்னும் அதைத் தாங்குகிறது. இவற்றுள் முதலீட்டாளர் அதிகமாகப் பணம் கொடுப்பது சான்றுக்கு. அதுவோ நான்கினுள் மிகவும் மாறத்தக்கது. எனவே, ஈடுகொடுக்கக்கூடிய தொகையில், அட்டையின் வரலாற்றைக் கற்று, அதன் மீதுள்ள விருப்பத்தால் சேர்ப்பவருக்கு அது தகுந்த காரியமாகலாம். குடும்பத்தின் சேமிப்பை அதில் வைப்பதற்குப் போதிய ஆதாரம் இதுவரை இல்லை என்பதே நிதானமான முடிவாகத் தோன்றுகிறது.

எஞ்சி நிற்கும் வினாக்கள் சில. இளமையில் இவ்வட்டைகளோடு விளையாடிய தலைமுறை மறைந்த பின்னும் ஆவல் தொடருமா? சிகரெட் அட்டைகள் அத்தலைமுறை மாற்றத்தைத் தாண்டின; ஆனால் தொடர் தொடராக வந்தவற்றுள் சிலவே விலையோடு தாண்டின. மனிதக் கண்ணுக்குப் பதில் யந்திரம் தரமிடும் காலம் வந்தால், பழைய சான்றுகளின் நிலை என்னவாகும்? இந்தியாவில் நம்பத்தகுந்த தரநிர்ணயமும், தெளிவான வரி விதியும், வாங்குவோர் கூட்டமும் அமைந்தால் மேற்கூறிய தடைகளில் எத்தனை நீங்கும்? இவற்றுக்கு விடை கூறக் காலமும், விற்ற விலைகளோடு விற்காமற்போனவற்றையும் சேர்த்துக் காட்டும் நேர்மையான கணக்குகளும் தேவை. அத்தகைய கணக்குகள் கிடைக்கும் வரை, இவ்வட்டைகள் லாபம் தரும் என்று உறுதி கூறுபவரிடமும், முற்றிலும் வீண் என்று உறுதி கூறுபவரிடமும் ஒரே அளவு ஆதாரத்தைக் கேட்பதே அறிவுடைமை.